லேசர் இருக்கிறது, மருந்து எங்கே?

கதவு நிலை நெளிந்து தெரிகிறது. செய்தித்தாளில் வரியின் நடுவே ஒரு கறை. ஐம்பதைக் கடந்தவர் இப்படிச் சொன்னால், கண் மருத்துவர் தேடும் காரணங்களில் ஒன்று, விழித்திரைக்கு அடியில் ரத்தக் குழாய்கள் கொத்தாகப் புடைத்துக் கசிவது. பி.சி.வி. எனப்படும் இந்த நோய் வெள்ளையரைவிட ஆசியர்களிடம் அதிகம். இதற்கு நன்கு சோதித்துப் பார்த்த ஒளிச் சிகிச்சை உண்டு. ஆனால், அதற்கான மருந்துக்குச் சில ஆண்டுகளாக உலகெங்கும் தட்டுப்பாடு.

வெர்டிபோர்பின் என்ற அந்த மருந்தை அமெரிக்கா 2000-ல் அங்கீகரித்தது. கரும்பச்சைத் திரவம். நோயாளியின் உயரம், எடை பார்த்து அளவு குறித்து, கை நரம்பில் 10 நிமிடம் ஏற்றுவார்கள். ஏற்றத் தொடங்கிய 15-வது நிமிடத்தில் கண்ணுக்குள் சிவப்பு லேசர், 83 விநாடி. இது சுட்டுப் பொசுக்கும் லேசர் அல்ல. ரத்தத்தில் உள்ள கொழுப்புப் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு பயணிக்கும் மருந்து, கோளாறான குழாய்களின் உட்சுவர் செல்களில் கூடுதலாகத் தங்கிவிடுகிறது. ஒளி பட்டதும் அங்கேயே வீரியமான ஆக்சிஜன் உருவாகி, செல்களின் சவ்வைச் சிதைக்கிறது. அவை சுருங்கி விலக, வெளிப்பட்ட சுவரில் தட்டணுக்கள் ஒட்டி, ரத்தம் உறைந்து குழாய் அடைபடுகிறது. அடுத்த சில நாள் வெயில் படக் கூடாது; கறுப்புக் கண்ணாடி, முழுக்கைச் சட்டை. சித்திரையில் வந்த நோயாளிக்கு அதுதான் பெரிய தண்டனை.

கதை அத்தோடு முடிவதில்லை. உட்சுவர் சேதமானதும் நியூட்ரோபில், மேக்ரோபேஜ் போன்ற நோய் எதிர்ப்பு செல்கள் அங்கே திரள்கின்றன. புற்றுநோய்க் கட்டிக்கு ஒளிச் சிகிச்சை தரும்போது இது பெரும் வரம். கனடாவில் கோர்பெலிக் குழு 1996-ல் வெளியிட்ட ஆய்வில், ஒளிச் சிகிச்சையால் மறைந்த கட்டிகள், எதிர்ப்பாற்றல் இல்லாத எலிகளிடம் மட்டும் மீண்டும் முளைத்தன. கண்ணிலோ இதே திரட்சி தலைவலி. அழற்சியோடு, புதுக் குழாய்களை வளரத் தூண்டும் வி.இ.ஜி.எஃப். புரதமும் பெருகுகிறது; அடைத்த குழாய்க்குப் பக்கத்திலேயே புதியது கிளைக்கலாம். அதனால்தான் அந்தப் புரதத்தைத் தடுக்கும் ஊசியையும் ஒளிச் சிகிச்சையையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். ஆசியாவில் 322 பேரிடம் நடந்த எவரெஸ்ட்-2 ஆய்வில், ஓராண்டு முடிவில் புடைப்புகள் முழுதும் மறைந்தது, ஊசி மட்டும் போட்டவர்களில் 34.7 சதவீதம், இரண்டும் பெற்றவர்களில் 69.3 சதவீதம். பார்வையும் அவர்களுக்கே கூடுதலாகத் தேறியது, அதுவும் குறைவான ஊசிகளில்.

ஊசி மட்டுமே போதாதா என்பார்கள். அஃப்லிபர்செப்ட் போன்ற மருந்தில் பலருக்குப் போதுகிறது என்பது உண்மைதான். ஆனால், ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு பயணம், துணைக்கு ஒருவர், அவருக்கு ஒரு நாள் கூலி. கிராமத்திலிருந்து பஸ் ஏறி வரும் முதியவருக்கு நான்கு ஊசிக்கும் ஏழு ஊசிக்கும் உள்ள வித்தியாசம் சின்னது அல்ல. பி.சி.வி.க்கு மட்டுமல்ல, நடு வயதினரின் விழித்திரைக்கு அடியில் நீர் கோக்கும் சி.எஸ்.சி. நோய் நாள்பட்டு நீடித்தால், அதற்கும் பாதி அளவு வெர்டிபோர்பினோடு தரும் ஒளிச் சிகிச்சைதான் மருத்துவர்களின் முதல் தேர்வு. அங்கே இந்த ஊசிகளால் பெரிய பலன் இல்லை.

இதில் காப்புரிமையைக் குறை சொல்ல முடியாது; மூல மருந்தின் காப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. சந்தை ஊசிப் பக்கம் சாய்ந்த பிறகு, ஓரிரு கைகளை நம்பியிருக்கும் சிறு வணிகமாக இது சுருங்கிவிட்டது. செய்வதும் எளிதல்ல: நுண்ணிய கொழுப்பு உறைக்குள் மருந்தை அடைக்க வேண்டும். ஆனால், 2012-ல் டாக்ஸோரூபிசின் என்ற புற்றுநோய் மருந்துக்கு அமெரிக்காவில் தட்டுப்பாடு வந்தபோது, இதே வகைத் தொழில்நுட்பத்தில் நம் சன் பார்மா தயாரித்ததைத்தான் அந்நாடு இறக்குமதி செய்துகொண்டது. கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை 1992 முதல் மதுரையிலேயே தயாரித்து, ஏழைகள் எட்டும் விலைக்குக் கொண்டுவந்தது ஆரோலேப். இந்த நாட்டில் கைத்திறனுக்குப் பஞ்சமில்லை. வாங்குவதாக யாரும் வாக்குக் கொடுக்கவில்லை, அதுதான் குறை.

அந்த வாக்கை அரசுதான் தர வேண்டும். 1994 முதல் மொத்தமாக மருந்து வாங்கி அனுபவப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மற்ற மாநிலங்களையும் பெரிய கண் மருத்துவமனைகளையும் சேர்த்துக்கொண்டு, ஐந்தாண்டுக் கொள்முதல் உறுதியோடு டெண்டர் விடட்டும். மத்திய அரசு தன் பங்குக்கு, அனுமதிக் கோப்பை முன்னுரிமையில் நகர்த்தட்டும்.