காதைப் பார்த்துவிட்டுச் சீட்டு எழுதுங்கள்

காது அடைத்திருக்கிறது என்று ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகிறவர், பல ஊர்களில் மாவட்ட மருத்துவமனைக்கு ஒரு பரிந்துரைச் சீட்டோடு திரும்புகிறார். அங்கே காது-மூக்கு-தொண்டைப் பிரிவின் வரிசையில் காத்திருக்கிறார். முறை வந்ததும் மெல்லிய உறிஞ்சுகுழாயால் குறும்பியை எடுத்துவிடுகிறார்கள். வேலை சில நிமிடங்களில் முடிகிறது. அதற்காக ஒருநாள் கூலியும் பேருந்துச் செலவும் போகின்றன. அறுவை சிகிச்சை தேவைப்படுபவருக்கும் அதே வரிசைதான். இந்தச் ‘சக்‌ஷன்’ வசதியைக் கீழ்நிலைப் புறநோயாளிப் பிரிவுகளிலேயே கொடுத்தால் அலைச்சல் குறையும். அதைவிட முக்கியமாக, அனுப்பப்பட வேண்டியவர் யார் என்பது அங்கேயே தெரிந்துவிடும். குறும்பியோ சீழோ பூஞ்சையோ அடைத்துக்கொண்டிருந்தால் செவிப்பறை தெரியாது. செவிப்பறையைப் பார்க்காமல் எழுதும் சீட்டு வெறும் ஊகம்தான்.

இங்கிலாந்தில் சிகிச்சை நெறிமுறைகளை வகுக்கும் ‘நைஸ்’ அமைப்பு 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதையே சொல்கிறது. பெரியவர்களுக்குக் குறும்பியால் கேட்கும் திறன் குறைந்தாலோ, காதைப் பரிசோதிக்க முடியாமல் அடைத்திருந்தாலோ, அதை முதல்நிலை மருத்துவத்திலோ உள்ளூர்க் காது பராமரிப்புச் சேவையிலோ அகற்ற வேண்டும் என்பது அதன் பரிந்துரை. பழைய பீச்சாங்குழல் முறை வேண்டாம் என்றும், மின்கருவியால் கழுவுவதையோ நுண் உறிஞ்சலையோ பயிற்சி பெற்றவரே செய்ய வேண்டும் என்றும் அது கூறுகிறது. ஆனாலும் அங்கே பல பகுதிகளில் இச்சேவைக்கு நிதி ஒதுக்கப்படாததால் மக்கள் தனியாரிடம் பணம் கட்டுகிறார்கள். பரிந்துரையோடு பணமும் ஆளும் வராவிட்டால் இங்கும் அதுதான் நடக்கும்.

குறும்பியை இளக்கும் சொட்டு மருந்து போதாதா என்று கேட்கலாம். முதலில் அதைத்தான் முயல வேண்டும்; பலருக்கு அதுவே போதும். ஆனால் போதாதபோது கழுவலாம் என்றால், செவிப்பறையில் ஓட்டை இருப்பவருக்குத் தண்ணீர் பீச்சக் கூடாது; அங்கே உறிஞ்சுவதே ஏற்றது. சீழ் வடியும் காதிலும் சுத்தம் செய்யாமல் விடும் சொட்டு மருந்து உள்ளே சேர்வதில்லை. தவறிக் கை பட்டால் செவிப்பறை கிழியாதா என்ற அச்சத்தில் நியாயம் இருக்கிறது. தலைசுற்றலும் வரலாம், கருவியின் சத்தமும் அதிகம். அதனால்தான் எல்லை வகுக்க வேண்டும்: காதில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர், ஒரே காதில் மட்டும் கேட்பவர், துர்நாற்றச் சீழோ இரத்தமோ வடிபவர், திடீரெனக் கேட்காமல் போனவர் ஆகியோரை உடனே நிபுணரிடம் அனுப்ப வேண்டும். வலிக்கிறது என்று நோயாளி சொன்னதும் நிறுத்திவிட வேண்டும். அரைகுறைப் பயிற்சியோடு எவரும் தொடக் கூடாது.

கூட்டம் நிறைந்த இடத்தில் நேரம் ஏது என்பார்கள். தினமும் வேண்டாம், சொட்டு மருந்து கொடுத்து அனுப்பியவர்களை வாரத்தில் ஒருநாள் வரச் சொன்னால் போதும். பிரசவம் பார்க்கும் நிலையங்களுக்கு உறிஞ்சு கருவி புதிதல்ல. ஆனால் காதுக்கென்று தனிக் கருவியும், நுண்குழாய்களும், நல்ல வெளிச்சமும், கிருமிநீக்க ஏற்பாடும் வேண்டும். 2007இல் தொடங்கிய தேசியக் காதுகேளாமைத் தடுப்புத் திட்டம், ஆரம்ப நிலை மருத்துவர்களுக்குக் காது நோய்ப் பயிற்சி தருவதைத் தன் வேலைகளில் ஒன்றாகவே வைத்திருக்கிறது. அந்தப் பயிற்சியில் சக்‌ஷனையும் செவிலியர்களையும் சேர்க்கலாம். கூடவே, பரிந்துரைச் சீட்டில் ‘செவிப்பறை தெரிந்ததா?’ என்ற ஒரு கட்டத்தைக் கட்டாயமாக்கலாம். ‘இல்லை’ என்ற பதில் எந்த நிலையத்திலிருந்து அதிகம் வருகிறதோ, அடுத்த கருவி அங்கே போகட்டும்.