தராசு சரி, படிக்கல் சரியா?

ஒத்தக்கடையில் கைத்தராசில் காய்கறி வாங்குகிறவர்கள் முள்ளைத்தான் கவனிப்பார்கள். முள் நடுவில் நின்றால் திருப்தி. படிக்கல்லே எடை குறைவு என்றால் பாவம், முள் என்ன செய்யும்? கல்லூரி எலக்ட்ரானிக்ஸ் புராஜெக்ட்டுகளிலும் இதே கதைதான்.

சிக்னல் ஜெனரேட்டர் என்றால் ஒரு காலத்தில் லேபில் பூட்டி வைக்கும் பொருள். இன்று எஸ்ஐ5351 என்ற சின்னச் சிப் சில நூறு ரூபாயில் போர்டோடு கிடைக்கிறது. 25 மெகாஹெர்ட்ஸ் கிறிஸ்டலின் துடிப்பைப் பெருக்கி, பிறகு வகுத்து, 8 கிலோஹெர்ட்ஸ் முதல் 160 மெகாஹெர்ட்ஸ் வரை கேட்ட அதிர்வெண்ணைத் தருகிறது. எதால் பெருக்குவது, எதால் வகுப்பது என்று சொல்வது ஆர்டுயினோ. ஹைதராபாத்தின் அமெச்சூர் ரேடியோக்காரர் அஷ்ஹர் ஃபர்ஹான் 2017இல் கொண்டுவந்த மைக்ரோபிட்எக்ஸ் ரேடியோ இந்தச் சிப்பையும் ஆர்டுயினோ நானோவையும் வைத்துச் செய்ததுதான்.

ஆனால் திரையில் 71,00,000 ஹெர்ட்ஸ் என்று வந்துவிட்டால் அது உண்மையாகிவிடுமா? மலிவான கிறிஸ்டலில் பத்து லட்சத்துக்கு 30 பிழை இருப்பது சகஜம். அப்படியானால் 71,00,000க்கு 213 ஹெர்ட்ஸ் தவறு. எஸ்எஸ்பி ரேடியோவில் இவ்வளவு விலகினால் பேசுகிறவர் குரலே மாறிக் கேட்கும். மைக்ரோபிட்எக்ஸ் மென்பொருளில் அளவு திருத்தும் வசதி வைத்திருப்பது சும்மா இல்லை.

நுணுக்கம் வேறு, துல்லியம் வேறு. ஒவ்வொரு ஹெர்ட்ஸாக நகர்த்த முடிவது நுணுக்கம். நிற்கிற இடம் சரியா என்பதுதான் துல்லியம். முன்னதைப் புரோகிராம் தரும். பின்னதைக் கிறிஸ்டல்தான் தர வேண்டும்.

பஸ்ஸரில் பாட்டு வாசிக்க இதெல்லாம் தேவையில்லை, உண்மைதான். ஆனால் அறிக்கையின் அட்டையில் "துல்லியமான" என்று போடுகிறவர்கள் சோதித்துவிட்டுத்தான் போட வேண்டும். அதற்குப் பெரிய செலவும் இல்லை. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களில் அணுக் கடிகாரங்கள் இருக்கின்றன. விநாடிக்கு ஒரு துடிப்பு தரும் ஜிபிஎஸ் மாட்யூலும் மலிவாகவே கிடைக்கிறது. சிப்பை 2.5 மெகாஹெர்ட்ஸில் ஓடவிட்டு, ஜிபிஎஸ் கணக்கில் 10 விநாடி எண்ணினால் 2,50,00,000 வர வேண்டும். 750 கூடினாலோ குறைந்தாலோ அதுதான் அந்தப் பத்து லட்சத்துக்கு 30. அந்த எண்ணைப் புரோகிராமில் சேர்த்துவிட்டால் பிழை பெருமளவு போய்விடும். வெயிலில் கிறிஸ்டல் சூடானால் மறுபடி கொஞ்சம் நகரும். அதையும் எண்ணிப் பார்க்கலாம்.

பலர் இந்த ஒரு நாள் வேலையைச் செய்வதில்லை, ஏனென்றால் வைவாவில் யாரும் கேட்பதில்லை. "எத்தனை ஹெர்ட்ஸ்?" என்பதோடு நிறுத்தாமல், "எதை வைத்துச் சரி என்கிறாய்?" என்றும் கேட்டு அதற்கும் மார்க் போடட்டும். அப்புறம் பாருங்கள், முள்ளோடு படிக்கல்லையும் எல்லோரும் பார்ப்பார்கள்.