அஞ்சு பைசா ஆம்லெட்!

எகனாமிக்ஸ்னு ஆரம்பிச்சதும் பக்கத்தைப் புரட்டப் போறீங்களா? ஒரு நிமிஷம் இருங்க. 1849-லயே தாமஸ் கார்லைல்ங்கிற எழுத்தாளர் இந்த சப்ஜெக்ட்டுக்கு 'அழுமூஞ்சி சயின்ஸ்'ங்கிற அர்த்தத்துல ஒரு பட்டப்பேர் வெச்சுட்டுப் போயிட்டார். பாவம், அவர் எங்க ஹாஸ்டல் மெஸ்ல சாப்பிட்டதில்லை. சாப்பிட்டிருந்தா முதல்ல சிரிச்சிருப்பார். மாசக் கடைசியில பில் வரும்போதுதான் அழுதிருப்பார்.

எங்க மெஸ்ல டிவைடிங் சிஸ்டம். ஹாஸ்டல்ல இருக்கிறவங்களுக்கு விளக்கவே தேவையில்லை. டே ஸ்காலர் மக்களுக்காக மட்டும்... மாசம் முழுக்க ஆன செலவைக் கூட்டி, தலைக்கு இவ்வளவுன்னு சமமா வகுத்துடுவாங்க. நீங்க பத்து இட்லி சாப்பிட்டாலும், ரெண்டு இட்லியோட எழுந்துட்டாலும் பில் ஒண்ணுதான்.

போன செமஸ்டர்ல அடியேன்தான் மெஸ் ரெப். எலெக்‌ஷன்ல நான் விட்ட ஒரே வாக்குறுதி: "தினமும் ராத்திரி ஆம்லெட். டோக்கன் கிடையாது. எல்லாம் பொதுக் கணக்கு!" கைதட்டல்ல மெஸ் கூரை ஓட்டை இன்னும் பெருசாச்சு.

இப்போ ஒரு சின்னக் கணக்கு. ஆம்லெட் 15 ரூபாய். மெஸ்ல 300 பேர். நான் எக்ஸ்ட்ராவா ஒண்ணு சாப்பிட்டா என் பில்லுல எவ்வளவு ஏறும்? வெறும் 5 பைசா! 25 பைசாவும் அதுக்குக் கீழே உள்ள காசும் 2011 ஜூன் 30-ஓட செல்லாமப் போச்சே, அந்த லிஸ்ட்ல இருந்த காசு. செல்லாக் காசுக்கு ஆம்லெட் கிடைச்சா எவன் விடுவான்? முதல் வாரம் ஆளுக்கு ஒண்ணு. ரெண்டாவது வாரம் டபுள். மூணாவது வாரம் மொட்டை மாடிப் பூனைக்குக்கூட ஒரு பார்சல் போச்சு.

இதுல காமெடி என்னன்னா, எனக்குத் தோணின அதே ஐடியா மீதி 299 பேருக்கும் தோணியிருக்கு. சராசரியா ஆளுக்கு தினம் ஒண்ணரை ஆம்லெட். 30 நாளுக்கு 675 ரூபாய் எக்ஸ்ட்ரா. ஊரான் காசுல சாப்பிடறதா நினைச்சு, அவங்கவங்க காசுலதான் எல்லாரும் சாப்பிட்டிருக்கோம்!

நாம மட்டும்தான் இப்படின்னு நினைச்சுடாதீங்க. இஸ்ரேல்ல ஹைஃபா நகரத்துல ஆறு ஆறு பேரா ஹோட்டலுக்குக் கூட்டிட்டுப் போய் ஒரு ஆராய்ச்சி பண்ணி, 2004-ல வெளியிட்டாங்க. அவங்கவங்க பில்லை அவங்கவங்க கட்டினப்போ சராசரியா ஆளுக்குச் சுமார் 37 ஷெக்கெல்லுக்குச் சாப்பிட்டாங்க. பில்லைச் சமமாப் பிரிச்சுக்கலாம்னு சொன்னதும் அது சுமார் 51 ஆச்சு. 'பில் எங்களுது'ன்னு ஆராய்ச்சிக்காரங்க சொன்னதும் 82-க்கு எகிறிடுச்சு. ஓசின்னா ஊர் உலகம் எல்லாம் ஒண்ணுதான்!

சரி, சிரிச்சாச்சு. அடுத்ததைச் சொல்றதுக்கு எனக்கே கூச்சமா இருக்கு.

எங்க பேட்ச்ல ஒருத்தன். பேர் வேண்டாமே. சுத்த சைவம், முட்டையைத் தொடவே மாட்டான். அம்மா வீட்டுல தையல் மெஷின் மிதிச்சுத்தான் அவனுக்குப் பணம் அனுப்புறாங்க. அந்த மாசம் அவனும் அதே 675 ரூபாயைக் கட்டினான். "முட்டை சாப்பிடாமலே முட்டைக்குக் காசு கட்டின ஒரே ஆள் நீதான்டா"ன்னு நானே அவனைக் கலாய்ச்சேன். அவனும் சிரிச்சான்.

அடுத்த மாசம் ஊருக்குப் போறதா எழுதிக் குடுத்து அஞ்சு நாள் மெஸ் கட் வாங்கினான். மூணாவது நாள் ராத்திரி தண்ணி பிடிக்க எழுந்து போனா, ரீடிங் ரூம்ல இருக்கான். பக்கத்துல ஒரு பன், டீ கிளாஸ். ஊருக்கே போகலை.

"ஏன்டா?"ன்னு கேட்டேன். "அஞ்சு நாள் காசு கழியுமில்ல மாப்ள"ன்னான். அவ்வளவுதான். நான் தின்ன ஒவ்வொரு ஆம்லெட்டுலயும் 5 பைசா அவனோட பங்குன்னு அன்னிக்குத்தான் உறைச்சுது. செல்லாக் காசுன்னு நான் கிண்டலடிச்சேனே... அவனுக்கு அது செல்லுபடியாகிற காசு.

அப்புறம்தான் எகனாமிக்ஸ் மேடம்கிட்ட போய் நின்னேன். அவங்க எலினார் ஆஸ்ட்ரம் பத்திச் சொன்னாங்க. 2009-ல பொருளாதாரத்துக்கான நோபல் வாங்கினவங்க. அந்தப் பரிசை வாங்கின முதல் பெண். கணக்குப் போதலைன்னு எகனாமிக்ஸ் பிஎச்.டி. சீட் கிடைக்காம அரசியல் அறிவியல் படிச்சவங்க (எம்-3 அரியர் கோஷ்டி, தைரியமா இருங்க!). பொதுச் சொத்துன்னாலே ஜனங்க சுரண்டித் தீர்த்துடுவாங்கன்னு பலரும் நம்பினப்போ, அப்படி இல்லைன்னு காட்டினாங்க. சம்பந்தப்பட்டவங்களே கூடி விதி போட்டு, அவங்களே கண்காணிச்சா பொதுச் சொத்தும் பிழைக்கும்!

நம்ம ஊர்லயும் இது இருந்ததுதானே? ஏரித் தண்ணியை யார் வயலுக்கு எப்போ விடணும்னு பார்த்துக்க நீர்க்கட்டின்னு ஒருத்தர். ஊரே கூடிக் கால்வாய் தூர் வாருறதுக்குக் குடிமராமத்துன்னு பேர். தாத்தாக்களுக்குத் தெரிஞ்சது மெஸ் ரெப்புக்குத் தெரியலை.

மறுநாளே ஜெனரல் பாடி கூட்டினோம். 'தப்பு என்னுது'ன்னு ஆரம்பிச்சேன். விசில் வரலை, ரெண்டு பேப்பர் ராக்கெட்தான் வந்துச்சு. ஆம்லெட்டுக்கு டோக்கன். தின்னவன்தான் கட்டணும். மெஸ் வாசல்ல ஒரு கரும்பலகை, அன்னன்னிக்குச் செலவு சாக்பீஸ்ல. எழுதுறது ரூம் நம்பர் வரிசைப்படி ஸ்டூடன்ட்ஸ்தான். யாருடைய பேரையும் நான் அங்கே எடுக்கலை.

டோக்கன் வந்த முதல் வாரமே ஆம்லெட் பாதியாக் குறைஞ்சுது. 15 ரூபாய்னு தெரிஞ்சதும் பாதிப் பேருக்குப் பசியே போயிடுச்சு! பூனைக்கு மட்டும் கொஞ்சம் கோபம்.

நம்ம ஆளு இப்போ மெஸ் கட் எழுதுறதில்லை. நேத்து தட்டோட பக்கத்துல வந்து உட்கார்ந்தவன், மூணாவது தடவையா தயிர் ஊத்திக்கிட்டே சொன்னான்: "மாப்ள, தயிருக்கு மட்டும் டோக்கன் போட்டுடாதீங்கடா!"

உங்க மெஸ் பில்லை எடுத்து ஒரு தடவை வகுத்துப் பாருங்க பாஸ். உங்க அஞ்சு பைசா யார் தட்டுல இருந்து வருதுன்னு தெரியும். வரட்டுமா? மெஸ் மணி அடிச்சாச்சு!