அமுச்சிக்கும் கடல் வேண்டும்!

கோவைக்குக் கடல் இல்லை; கடலில் போகும் ஆசை உண்டு! 2022 ஜூனில் சென்னையிலிருந்து 'எம்பிரஸ்' உல்லாசக் கப்பல் புறப்பட்டது. முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் கொடி அசைத்து அனுப்பினார்.

அப்புச்சி, அமுச்சி, பேரன் என்று குடும்பத்தோடு கப்பலில் போவது நல்லதே. ஆனால், நடை பழகும் குழந்தை ஓரிடத்தில் நிற்குமா? மேல்தளத்தில் கம்பித் தடுப்பு உண்டு. நாற்காலியில் ஏறிவிட்டால் அதுவும் குட்டைதான்! ஒருவர் கண் எப்போதும் குழந்தை மேல் இருக்க வேண்டும்.

அந்த ஒருவர் யார்? பெரும்பாலும் அமுச்சிதான். மற்றவர்கள் ஆட்டம் பாட்டம் பார்க்கிறார்கள். அவரோ அறைக்குள் தாலாட்டுப் பாடுகிறார். அவருக்கும் சேர்த்துத்தானே பணம் கட்டினீர்கள்?

காலையில் அப்பா, மாலையில் மாமன், இரவில் அம்மா என்று முறை வையுங்கள். இதைச் சென்னைக்கு ரெயில் ஏறுமுன் வீட்டிலேயே பேசி முடியுங்கள்.