நெய்வது அம்மா... ஏட்டில் அப்பா பெயர்!

ஆகஸ்ட் 7 வந்தால் போதும், கைத்தறிச் சேலையோடு படம் போட்டு வாழ்த்து சொல்லக் கிளம்பிவிடுவார்கள். 2015-ல் 'தேசிய கைத்தறி நாள்' அறிவித்த அதே ஒன்றிய அரசுதான், 2017-ல் கைத்தறித் துணிக்கு 5 சதவீத ஜிஎஸ்டி போட்டது. 2020 ஜூலையில் அகில இந்திய கைத்தறி வாரியத்தையே கலைத்தது. வாழ்த்து படத்துக்கு, வரி தறிக்கு!

அதை விடப்போவதில்லை. ஆனால் நம்ம வீட்டுக்குள்ளேயும் ஒரு கேள்வி இருக்கு.

2019-20 கைத்தறிக் கணக்கெடுப்புப்படி நாட்டில் கைத்தறித் தொழிலாளர்கள் சுமார் 35 லட்சம் பேர். அதில் 25 லட்சத்துக்கும் மேல் பெண்கள்!

விடியுமுன்னே தெருவில் பாவு நீட்டுறது யார்? ராட்டையில் தார் சுற்றுறது யார்? சமையலை முடிச்சிட்டு மறுபடி தறிக்குழியில் இறங்குறது யார்? ஆனா நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் உறுப்பினர் ஏட்டைத் திறந்து பாருங்க. பல வீடுகளில் கணவர் பெயர்தான். கூலி அவர் பெயரில். சேமிப்புத் திட்டமும் முதியோர் ஓய்வூதியமும் உறுப்பினருக்குத்தான். அந்த அம்மாவுக்கு? "கூடமாட ஒத்தாசை பண்றாங்க" என்ற பட்டம்!

"குடும்பத்துக்கு ஒரு உறுப்பினர் போதாதா?" என்கிறார்கள். ஒரு சேலையில் இரண்டு பேர் உழைப்பு இருக்கும்போது ஏட்டில் மட்டும் ஏன் ஒரு பெயர்?

"பொம்பளைக்குக் கணக்கு வழக்கு தெரியுமா?" என்கிறார்கள். தமிழ்நாட்டில் 1989-ல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுயஉதவிக் குழு இன்று ஊர் ஊராக இருக்கு. சங்கத்தில் கூலி தாமதமானால், பிள்ளையின் படிப்புக்கும் மருந்துக்கும் கைகொடுப்பது அந்தக் குழுக் கடன்தான். தீர்மானம் எழுதுறது, தவணை வசூலிக்கிறது, வங்கிக்குப் போறது எல்லாம் இதே பெண்கள்தான். குழுவை நடத்தத் தெரிந்தவங்களுக்குச் சங்கத்தை நடத்தத் தெரியாதா?

நம் கோரிக்கை:

▪ தறியில் உழைக்கும் ஒவ்வொரு பெண்ணுக்கும் அவர் பெயரிலேயே சங்க உறுப்பினர் உரிமை!
▪ பாவு, தார் வேலைக்குத் தனிக் கூலி, நேராக அவர் வங்கிக் கணக்கில்!
▪ கைத்தறிக்கு ஜிஎஸ்டியிலிருந்து முழு விலக்கு!

நெசவாளர் ஊர்த் தோழர்களே, முதல் வேலை உங்க வீட்டில். அம்மா பெயரில், மனைவி பெயரில் உறுப்பினர் விண்ணப்பம் கொடுங்க. மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்க. அந்தக் கடிதத்தோடு நம்ம கிளைக்கு வாங்க. மீதியைச் சேர்ந்து நின்று பார்த்துக்கொள்வோம்.

உழைப்பவர் பெயரை ஏட்டில் எழுது!

#ஏட்டில்_அம்மா_பெயர்