கப்பலில் ஏறினால் கடல் தெரிய வேண்டும்!

ஒரு கேள்வி! உல்லாசக் கப்பலில் போகிறவன் எதைப் பார்க்கப் போகிறான்? "இதென்னடா கேள்வி, கடலைத்தான்" என்பீர்கள். அதுதான் இல்லை! 2024 ஜனவரியில் முதல் பயணம் கிளம்பிய 'ஐகான் ஆஃப் தி சீஸ்' கப்பலில் இருபது அடுக்குகள், ஏழு நீச்சல் குளங்கள், ஆறு நீர்ச்சறுக்குகள். மிதக்கும் பொருட்காட்சி! பொருட்காட்சி பார்ப்பது தப்பில்லை. ஆனால் அதற்குக் கடல் எதற்கு? தீவுத்திடல் போதாதா?

எனக்குப் பிடித்தது பழைய பாணிக் கப்பல். சுற்றிவர நடக்க ஒரு டெக், சாய்வு நாற்காலி, கையில் ஒரு புத்தகம், எதிரே கடல். அவ்வளவுதான். ஹாஸ்டலில் இதைச் சொன்னால், "டைட்டானிக்குல டிக்கெட் போட்டுடலாமா மாப்ளே?" என்று கிண்டல்!

கிண்டலிலும் ஒரு நியாயம் இருக்கிறது. நிஜமான பழைய கப்பல்கள் ஏன் மறைந்தன? முக்கியமான ஒரு காரணம், தீ. 'சோலாஸ்' என்ற சர்வதேசக் கடல் பாதுகாப்பு உடன்பாட்டின்படி, எளிதில் எரியும் பொருட்களால் கட்டிய பழைய பயணிகள் கப்பல்கள் 2010 அக்டோபருக்குப் பிறகு ஓட முடியாமல் போயிற்று. மர வேலைப்பாடு மிகுந்த கப்பல்கள் பல உடைக்கும் தளத்துக்குப் போயின. வருத்தம்தான், ஆனாலும் அந்தச் சட்டம் சரி என்பதே என் கட்சி. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஓடிய 'எம்.வி. சிதம்பரம்' 1985-ல் நடுக்கடலில் தீப்பிடித்து, பல உயிர்கள் போனதை நம் பெரியவர்கள் மறக்கவில்லை. அழகுக்காக ஆளைப் பலி கொடுக்க முடியுமா?

அப்படியானால் பழைய பாணிக்குச் சங்குதானா? இல்லை! தேடினால் கிடைக்கிறது.

ஸ்வீடன் நாட்டின் 'ஜூனோ' 1874-ல் கட்டியது. ஐம்பத்தெட்டு லாக்குகள் கொண்ட யோதா கால்வாய் வழியே, மாடிப்படி ஏறுவதுபோல் ஏறி இறங்கிப் போகிறது. அறையோ தீப்பெட்டி; குளியலறை பொது. நம்ம ஹாஸ்டல் மாதிரியேதான்! 1931-ல் ஜெர்மனியின் கீல் நகரில் கட்டிய 'சீ கிளவுட்' நான்கு பாய்மரக் கப்பல். இன்றும் மாலுமிகள் கயிற்றில் ஏறிக் கையால்தான் பாய் விரிக்கிறார்கள்.

மூன்றாவது, என் மனங்கவர்ந்த 'குவீன் மேரி 2'. பிரான்சில் கட்டி, 2004-ல் பயணம் தொடங்கியது. வடிவமைத்தவர் ஸ்டீபன் பெய்ன். வட அட்லாண்டிக்கின் அலைகளைக் கிழித்துப் போகவேண்டும் என்பதால் நீண்ட கூர்மையான மூக்கு, கனத்த உடல், அதிக வேகம். நீளம் 345 மீட்டர். கப்பலைச் சுற்றிவர நடக்கலாம், பெரிய நூலகமும் உண்டு. சூதாட்டக் கூடமும் இருக்கிறது, மறைக்கவில்லை! ஆனால் கப்பலின் உருவத்தைத் தீர்மானித்தது கடல்தான்.

இங்கேதான் நமக்குப் பாடம். பழைய பாணி என்பது பழைய இரும்பு அல்ல. 'இது எதற்காக?' என்ற கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்லும் டிசைன். புதிய பாதுகாப்பு, பழைய நோக்கம், இரண்டும் ஒரே கப்பலில் சேரும் என்பதற்குக் குவீன் மேரியே சாட்சி.

இந்தக் கப்பல்களில் டிக்கெட் வாங்க நம் பாக்கெட் தாங்காது, தெரியும்! ஆனால் நாளை நாம் டிராயிங் போர்டின் முன் நிற்கப்போகிறவர்கள். வண்டியோ, பாலமோ, பம்புசெட்டோ, எதை வரைந்தாலும் முதலில் அதன் வேலையை வரைவோம். சறுக்குமரம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்!