கடைசிப் பெஞ்சுக்கு யார் பேனர் வைப்பது?



தேர்வு முடிவு வந்துவிட்டால் போதும், நம் குழு முழுவதும் மதிப்பெண் அட்டையும் லட்டு ஊட்டும் படமும்தான். மாநில அளவில் முதல் மூன்று இடம் அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழக அரசு 2017-லேயே நிறுத்திவிட்டது. பள்ளி வாசல் பிளக்ஸ் பேனர்கள் மட்டும் நிற்கவில்லை. வெளிநாட்டுக் கம்பெனிக்கு ஓர் இந்தியர் தலைவரானால், "பார்த்தீர்களா நம் நாட்டுக் கல்வியை!" என்று அதையும் அனுப்புகிறீர்கள். கெட்டிக்காரப் பிள்ளையைத் தாராளமாகப் பாராட்டுங்கள். அவனை வைத்து நாட்டின் கல்விக்கே மார்க் போடாதீர்கள்.

முதல் ஐ.ஐ.டி. 1951-ல் காரக்பூரில் தொடங்கிவிட்டது. 14 வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி தர 10 ஆண்டுக்குள் முயல வேண்டும் என்று அரசியலமைப்பின் 45-ஆவது பிரிவு சொன்னது. கல்வி உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்ததோ 2010-ல்! ஏழை, பணக்காரர் பிள்ளைகள் ஒன்றாகப் படிக்கும் அருகமைப் பள்ளி வேண்டும், தேசிய வருமானத்தில் 6 சதவீதம் கல்விக்கு வேண்டும் என்று கோத்தாரி குழு 1966-ல் எழுதியது. இன்றுவரை இரண்டும் ஏட்டில்தான். 1986 கல்விக் கொள்கை என்ன செய்தது? மாவட்டத்துக்கு ஒரு நவோதயா என்றது. நுழைவுத் தேர்வில் தேறியவனுக்கு விடுதியோடு பள்ளி. தேறாதவன் எங்கே போவான்?

"திறமைசாலிகளை வளர்க்க வேண்டாமா சார்?" என்று கேட்பீர்கள். வேண்டும்தான். காமராசர் திறமைசாலியைத் தேடிப் பிடித்துச் சோறு போடவில்லை. ஊருக்கு ஊர் பள்ளி திறந்து, வந்த ஏழைப் பிள்ளைகளுக்கு மதிய உணவு கொடுத்தார். அந்தப் பந்தியில் உட்கார்ந்தவர்களிலிருந்துதான் எத்தனையோ வீடுகளின் முதல் பட்டதாரி வந்தார். உங்களில் பலர் அவர்களுடைய பிள்ளைகள்.

நான் பல ஆண்டுகள் ஈராசிரியர் பள்ளியில் வேலை பார்த்தவன். ஒருவர் பயிற்சிக்கோ தேர்தல் பணிக்கோ போய்விட்டால், மற்றவர் ஐந்து வகுப்பையும் கட்டி மேய்க்க வேண்டும். மூன்றாம் வகுப்பில் எழுத்துக் கூட்டத் தெரியாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு மூளை குறைவு இல்லை. அவனுக்கென்று ஒதுக்க அங்கே ஆளும் நேரமும் இல்லை. அவன் எட்டாம் வகுப்போடு நின்றுபோனால் அது எந்தப் பேனரிலும் வராது.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அடுத்த லட்டுப் படத்தை அனுப்புமுன் உங்கள் ஊர் அரசுப் பள்ளிக்கு ஒருநாள் போய் வாருங்கள். எத்தனை ஆசிரியர் பணியிடம் காலி, எத்தனை பிள்ளைகள் பாதியில் நின்றார்கள் என்று விசாரியுங்கள். அந்தக் கணக்கை இந்தக் குழுவில் போடுங்கள். நானும் எங்கள் ஊர்க் கணக்கோடு வருகிறேன்.